ஒரு யார் துணியில் ஒரு பாவாடை: எமது தையல் வகுப்புகளின் வரலாறு

நூற்றாண்டு மலர் என்றால் அதில் அதிபர்களின் படங்கள் இருக்கும்; பரீட்சைப் பெறுபேறுகள், வலைப்பந்தாட்டக் கேடயங்கள், நாடக விழாக்கள் எல்லாம் இருக்கும். அவை இருக்கத்தான் வேண்டும். ஆனால் தையல் அறைக்கென ஒரு பக்கம் கிடைப்பது அரிது. பெண்கள் பாடசாலைகளில் படித்த எம்மில் எத்தனையோ பேர் கணிதத்தின் சூத்திரங்களை மறந்துவிட்டோம். வரலாற்றின் ஆண்டுகளையும் மறந்துவிட்டோம். ஊசியில் நூல் கோப்பதற்கு முன் நூலின் நுனியைச் சரிவாக வெட்ட வேண்டும் என்பதை மறக்கவில்லை. கைகள் கற்றதை மறப்பதில்லை.

அந்தக் கைகள் கற்றதில் மிக எளிய உடுப்பு ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். அது எலாஸ்ரிக் போட்ட பாவாடை. சிப் வேண்டாம், கொளுக்கி வேண்டாம், தெறி வேண்டாம், கடதாசியில் மாதிரி வெட்டவும் வேண்டாம். பத்து வயதுப் பிள்ளை ஒருத்தி பிறர் உதவியின்றித் தொடங்கி முடித்து, மறுநாளே உடுத்திக்கொள்ளக்கூடிய முதல் உடுப்பு அதுதான். நல்ல மனைவியரை உருவாக்குவதற்காகப் பாடசாலைக்குள் கொண்டுவரப்பட்ட தையல், காலப்போக்கில் பெண்கள் தம் சொந்தக் காலில் நிற்பதற்கான தொழிலாக மாறிய கதையை இந்தச் சிறிய உடுப்பின் வழியே சொல்லிவிடலாம்.

தையல் பாடசாலைக்கு வந்த விதம்

யாழ்ப்பாணத்தில் பெண்களுக்கான விடுதிப் பாடசாலை 1824இல் உடுவிலில் தொடங்கியது. அமெரிக்க மிசனைச் சேர்ந்த ஹரியற் வின்ஸ்லோ அம்மையார் அதனை நடத்தினார். ஆசியாவிலேயே பெண்களுக்கென எழுந்த மிகப் பழைய விடுதிப் பாடசாலைகளுள் ஒன்று என அது இன்றும் போற்றப்படுகிறது. வாசிப்பு, எழுத்து, கணக்கு, வேதாகமம் ஆகியவற்றோடு தையலும் அங்கே கற்பிக்கப்பட்டது. நோக்கத்தை மிசனரிமார் மறைக்கவில்லை. 1823இல் வட்டுக்கோட்டையில் ஆண்களுக்கான செமினரியை அவர்கள் நிறுவியிருந்தார்கள். அங்கே படித்து வெளியேறும் இளைஞருக்குப் படித்த கிறிஸ்தவ மனைவியர் வேண்டும். வீட்டை ஒழுங்காக வைத்திருக்கவும், பிள்ளைகளுக்கு உடுப்புத் தைக்கவும் தெரிந்த பெண்ணே அவர்கள் கண்ணில் படித்த பெண்.

பின்னர் வந்த மிசன் பாடசாலைகளிலும், கன்னியர் மடப் பாடசாலைகளிலும், சைவப் பெண்பிள்ளைகளுக்காகச் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913இல் மருதனார்மடத்தில் நிறுவிய கல்லூரியிலும் சமயம் வேறுபட்டது. பாடத்திட்டமும் ஓரளவு வேறுபட்டது. ஆனால் பெண்ணுக்குக் கைவேலை தெரிந்திருக்க வேண்டும் என்பதில் எல்லோரும் ஒரே கருத்தினர். சமயங்கள் தமக்குள் வாதாடிய அந்த நூற்றாண்டில் ஊசிக்கு எதிராக எவரும் வாதாடவில்லை.

துணி என்பது வெறும் உடுப்பல்ல, அது ஓர் அரசியல் என்பதை எம் பெண்பிள்ளைகள் நேரில் கேட்ட நாள் ஒன்றும் உண்டு. 1927 நவம்பரில் மகாத்மா காந்தி யாழ்ப்பாணம் வந்தார். கதருக்காக நிதி சேர்த்த அந்தப் பயணத்தில் பெண்கள் கல்லூரிகளிலும் உரையாற்றினார். தன் உடுப்பு எங்கிருந்து வருகிறது, அதைச் செய்தவர் யார், அதன் காசு எவர் கைக்குப் போகிறது என்ற கேள்விகள், பூவேலைப்பாடு பழகிக்கொண்டிருந்த பிள்ளைகளின் காதிலும் விழுந்தன.

மெசின் வந்தது

தொடக்கத்தில் எல்லாம் கைத்தையல்தான். நூலோட்டம், பின்தையல், சங்கிலித் தையல், விளிம்புத் தையல் என ஒவ்வொன்றையும் சிறிய துணித் துண்டில் தைத்துக் கொப்பியில் ஒட்டிப் பெயர் எழுதவேண்டும். அந்த மாதிரிக் கொப்பி சிலருடைய வீடுகளில் இன்றும் இருக்கக்கூடும்.

அமெரிக்காவில் ஐசாக் சிங்கர் தன் தையல் இயந்திரத்துக்கு 1851இல் உரிமம் பெற்றார். சிங்கர் நிறுவனம் 1877இலேயே இலங்கையில் கால் பதித்துவிட்டது. மொத்த விலையையும் ஒரே நாளில் கொடுக்க இயலாதவர்களுக்குத் தவணை முறையில் விற்பது உலகெங்கும் அந்த நிறுவனத்தின் வழக்கம். கறுத்த உடலில் பொன்னிற எழுத்துகள், வலப்பக்கத்தில் ஒரு சில்லு, கீழே இரும்பு மிதி: இந்த உருவம் எம் வீடுகளின் யன்னலோரத்தில் ஒரு குடும்ப அங்கத்தவர் போலவே நின்றது. நகையோடும் காணியோடும் சேர்ந்து தையல் மெசினும் சீதனப் பொருளாகப் போன வீடுகள் பல. மற்றவற்றுக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு இருந்தது. நகை அடகு கடைக்குப் போகும். காணியை விற்பதற்குக் கணவனின் சம்மதம் வேண்டும். மெசினின் பயன் அதை ஓட்டத் தெரிந்தவளிடமே நின்றது.

நாடாவிலிருந்து எலாஸ்ரிக்குக்கு

எம் பாட்டிமாரின் பாவாடை நாடாவால் இறுக்கப்பட்டது. இடைப்பகுதியில் துணியை மடித்து ஒரு குழாய் போலத் தைத்து, அதற்குள் நாடாவை ஓட்டி முடிச்சுப் போடுவார்கள். நாடா உறுதியானது, மலிவானது, கழற்றித் தோய்க்கக்கூடியது. ஆனால் அதற்கு இரக்கமில்லை. சாப்பிட்டபின் அது தளராது. ஓடி விளையாடும் பிள்ளைக்கு விட்டுக்கொடுக்காது. இடையைச் சுற்றிக் கறுத்த தழும்பு விழுந்த பெண்கள் எத்தனை பேர் என்பது உள்பாவாடை கட்டிய எவருக்கும் தெரியும். முடிச்சு இறுகிவிட்டால் பல்லால் கடித்து அவிழ்க்க வேண்டும். நாடாவின் ஒரு நுனி குழாய்க்குள் போய்விட்டால் அதை வெளியே எடுப்பதற்குள் பாடசாலை மணி அடித்துவிடும்.

எலாஸ்ரிக்கின் கதை இங்கிலாந்தில் தொடங்குகிறது. தோமஸ் ஹான்கொக் என்பவர் 1820இல் கையுறை, காலுறை, சப்பாத்து முதலியவற்றின் விளிம்புகளில் இறப்பர்ப் பட்டி வைக்கும் முறைக்கு உரிமம் பெற்றார். ஆனால் அந்தப் பச்சை இறப்பர் வெயிலில் பிசுபிசுத்தது, குளிரில் விறைத்தது. கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் இறப்பர் நிலையான தன்மை பெறும் என்பதை அமெரிக்காவில் சார்ள்ஸ் குட்இயர் கண்டறிந்தார். 1844இல் அதற்கு உரிமம் பெற்றார். அதன் பிறகே மெல்லிய இறப்பர் நூல்களைச் சுற்றி பஞ்சு நூல் நெய்து, தோய்க்கத்தக்க எலாஸ்ரிக் நாடா செய்ய முடிந்தது.

இதில் எம் நாட்டுக்கும் பங்கு உண்டு. ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து கொண்டுபோன இறப்பர் விதைகள் 1876இல் இலண்டன் கியூ தோட்டத்தில் முளைக்கவைக்கப்பட்டன. அந்த நாற்றுகளில் ஏறத்தாழ 1,900 அதே ஆண்டில் இலங்கைக்கு அனுப்பப்பட்டு, கம்பகாவுக்கு அருகே ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நாட்டப்பட்டன. ஆசியாவின் இறப்பர்த் தோட்டங்களுக்கு அடித்தளமிட்ட இடங்களில் அது ஒன்று. பிற்காலத்தில் இறப்பர் எமக்குச் சோறும் போட்டது: 1952இல் சீனாவுடன் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி நாம் இறப்பர் கொடுத்து அரிசி வாங்கினோம். இன்று கடையில் கிடைக்கும் எலாஸ்ரிக் பலவற்றில் இறப்பருக்குப் பதிலாக 1958இல் அமெரிக்காவின் டூபொன்ட் நிறுவனத்தில் உருவாக்கப்பட்ட செயற்கை இழை இருக்கிறது. எது இருந்தாலும் கடும் சூடு அதற்கு ஆகாது; இறப்பருக்கு எண்ணெயும் ஆகாது. பாவாடையின் இடைப்பட்டியை நன்கு சூடான அயன்பெட்டியால் அழுத்தக்கூடாது என்று தையல் ரீச்சர்மார் சொன்னதன் காரணம் இதுவே.

வெட்டும் கணக்கு

இப்போது பாவாடையைத் தைத்துப் பார்ப்போம். மறந்தவர்கள் நினைவுபடுத்திக்கொள்ளலாம், பேத்திக்குச் சொல்லிக்கொடுக்க விரும்புபவர்கள் இப்பக்கத்தைப் படியெடுத்துக்கொள்ளலாம்.

பத்து வயதுப் பிள்ளை ஒருத்தி. இடை 24 அங்குலம்; இடுப்பின் அகலமான இடம் 28 அங்குலம்; பாவாடையின் நீளம் 22 அங்குலம். பாவாடையின் சுற்று, இடுப்பின் அகலமான இடத்தைப்போல் குறைந்தது ஒன்றரை மடங்கு இருந்தால் சுருக்கு அழகாக விழும். 28இன் ஒன்றரை மடங்கு 42. புடவைக் கடையில் கொட்டன் துணி பெரும்பாலும் 45 அங்குல அகலத்தில் கிடைக்கும். ஆகவே துணியின் முழு அகலமே பாவாடையின் சுற்று. பொருத்து ஒன்றுதான். அதுவும் துணியின் இரு கரைகளும் சந்திக்கும் இடம் என்பதால் நூல் பிரியாது.

நீளத்துக்கு 22 அங்குலம். மேலே எலாஸ்ரிக் ஓடும் மடிப்புக்கு 1¾ அங்குலம். கீழ் விளிம்புக்கு 2½ அங்குலம். ஆக மொத்தம் 26¼ அங்குலம். ஒரு யார் என்பது 36 அங்குலம். மிச்சம் 9¾ அங்குலம். அதில் ஒரு பைக்கும் பின்னாளில் ஒட்டுப் போடுவதற்கும் துணி கிடைக்கும். பிள்ளை வளர்வாளே என்று நினைக்கும் தாய், கீழ்ப்பகுதியில் ஓர் அங்குல ஆழத்துக்கு ஒரு மடிப்புத் தைத்து வைப்பாள். அதற்கு 2 அங்குலத் துணி கூடுதலாகப் போகும். அடுத்த வருடம் மடிப்பைப் பிரித்தால் பாவாடை 2 அங்குலம் வளரும். ஒரு யார் துணிக்குள் இவ்வளவும் அடங்கும்.

துணியை வெட்டுமுன் தண்ணீரில் ஊறவைத்து நிழலில் காயவிடுங்கள். சுருங்குவதெல்லாம் அப்போதே சுருங்கட்டும். பின்பு கரை இரண்டையும் நல்ல பக்கம் உள்ளே இருக்குமாறு சேர்த்து, அரை அங்குலம் விட்டு மேலிருந்து கீழ்வரை தையுங்கள். மேல் விளிம்பை முதலில் அரை அங்குலமும், பிறகு 1¼ அங்குலமும் உட்புறமாக மடித்து, மடிப்பின் அடியோரத்தில் தையுங்கள். சுற்றிவர முழுவதும் தைத்துவிடக்கூடாது. 2 அங்குல இடைவெளி விடவேண்டும். அந்த வாசல் வழியாகத்தான் எலாஸ்ரிக் உள்ளே போகும்.

எலாஸ்ரிக் ஓர் அங்குல அகலம் இருந்தால் போதும். நீளம், இடையளவில் ஓர் அங்குலம் குறைவாக 23. நுனிகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்துத் தைக்க ஓர் அங்குலம். ஆகவே வெட்டவேண்டியது 24 அங்குலம். ஒரு நுனியில் சட்டைப்பின் குத்தி உள்ளே ஓட்டுங்கள். மறு நுனியை வாசலருகே துணியோடு இன்னொரு பின்னால் குத்தி வையுங்கள். இல்லாவிட்டால் அது உள்ளே ஓடி மறைந்துவிடும். எலாஸ்ரிக் உள்ளே முறுக்கிக்கொண்டதா என்று விரலால் தடவிப் பார்த்தபின், இரு நுனிகளையும் ஓர் அங்குலம் மேற்பொருத்திச் சதுரமாகத் தையுங்கள். வாசலை மூடுங்கள். பக்கப் பொருத்தின்மேல் எலாஸ்ரிக்கையும் சேர்த்து மேலிருந்து கீழாக ஒரு தையல் போட்டால் அது இனி முறுக்காது. கீழ் விளிம்பை அரை அங்குலமும் பின் 2 அங்குலமும் மடித்து, ஒரு நாள் தொங்கவிட்டபின் கையால் தையுங்கள்.

எலாஸ்ரிக் தளர்ந்துபோனால் பாவாடையை வீசவேண்டியதில்லை. வாசலைப் பிரித்துப் புதியதை ஓட்டலாம். எலாஸ்ரிக் கிடைக்காவிட்டால் அதே குழாய்க்குள் பழையபடி நாடாவை ஓட்டலாம். இந்த உடுப்பின் பெருமை இதில்தான் இருக்கிறது: அது பழுதுபார்க்கப்படுவதற்காகவே செய்யப்பட்டது.

தட்டுப்பாட்டின் ஆசிரியர்கள்

இந்தக் கணக்கு ஏட்டுக் கணக்காக நின்றுவிடவில்லை. 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகிய காலத்தை எம்மில் பலர் அறிவோம். துணிக்காகச் சலுசலக் கடை வாசலில் வரிசை. கோதுமை மா வந்த வெள்ளைத் துணிச் சாக்குகள் எழுத்துப் போகத் தோய்க்கப்பட்டு உள்ளுடுப்பாக மாறின. அம்மாவின் சேலை கிழிந்தால் கிழியாத பகுதி பாவாடையாகும். பாவாடை கிழிந்தால் தலையணை உறையாகும். அதுவும் கிழிந்தால் அடுப்படிக்கு வரும். சிக்கனம் என்று இதற்கு எவரும் பெயர் வைக்கவில்லை. அது நடைமுறை.

1990இல் போர் மீண்டும் மூண்டபோது யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நின்றது; பொருளாதாரத் தடை வந்தது. மண்ணெண்ணெய் எட்டாத விலைக்குப் போனது. வீட்டிலிருந்த மின்விசிறி, குளிர்சாதனப் பெட்டி, அயன்பெட்டி எல்லாம் வெறும் தளபாடங்களாயின. மிதிமெசின் மட்டும் நிற்கவில்லை. அதற்கு வேண்டியது ஒரு சொட்டு எண்ணெயும் ஒரு பெண்ணின் இரு கால்களும்தான். பகல் வெளிச்சத்தில் யன்னலோரம் அமர்ந்து அயலவர் பிள்ளைகளின் பாடசாலைச் சட்டைகளைத் தைத்துக் குடும்பத்தைக் காத்த பெண்கள் அந்நாட்களில் ஒவ்வோர் ஊரிலும் இருந்தார்கள்.

1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் இரவோடிரவாகத் தென்மராட்சி நோக்கி இடம்பெயர்ந்தபோது, எதை எடுப்பது, எதை விடுவது என்பது ஒவ்வொரு வீட்டிலும் எழுந்த கேள்வி. மெசினின் இரும்புக் காலைச் சுமக்க முடியாது. தலைப்பகுதியை மட்டும் கழற்றிச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு போனவர்கள் உண்டு. வந்து சேர்ந்த இடத்தில் ஒரு பலகைமேல் அதை வைத்துக் கையால் சில்லைச் சுற்றினார்கள். ஒரு உடுப்போடு வந்த பிள்ளைகளுக்கு மாற்றுடுப்புத் தேவைப்பட்டது. அளவு எடுக்க நேரமில்லாத இடத்தில், வளரும் பிள்ளைக்கும் மெலியும் பிள்ளைக்கும் ஒரேயளவாகப் பொருந்தும் உடுப்பு எலாஸ்ரிக் பாவாடைதானே.

2009க்குப் பிறகு வன்னியில் கணவரை இழந்த பெண்களுக்கு வாழ்வாதார உதவி என்று பல அமைப்புகளும் முதலில் கொடுத்தது தையல் மெசின். அதைப் பெற்று நிமிர்ந்தவர்கள் உண்டு. எல்லோருக்கும் மெசின் கொடுத்ததால் ஒரே ஒழுங்கையில் பத்துத் தையற்காரிகள் உருவாகி, எவருக்கும் போதிய வேலை கிடைக்காமல் போனதும் உண்டு. தையல் தெரிந்தால் மட்டும் போதாது; துணி வாங்க முதல், விற்கச் சந்தை, உழைப்புக்கேற்ற கூலி ஆகியனவும் வேண்டும் என்பது அங்கே கிடைத்த பாடம். 1978இல் கட்டுநாயக்கவில் சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கியதிலிருந்து இந்நாட்டின் ஏற்றுமதியைத் தாங்கி நிற்பதில் பெரும் பங்கு ஆடைத் தொழிற்சாலைகளில் மெசின் ஓட்டும் இளம் பெண்களுடையது. போருக்குப் பின் கிளிநொச்சியிலும் அத்தகைய தொழிற்சாலைகள் எழுந்தன. உலகின் பெரிய நகரங்களில் விற்கப்படும் உடுப்பின் இடைப்பட்டியை ஓட்டியவள் எம் ஊர்ப் பிள்ளையாக இருக்கலாம். முழுப் பாவாடையைத் தைக்க அவளுக்குத் தெரிந்திருந்தாலும், அங்கே ஒரு நாள் முழுவதும் அவள் தைப்பது ஒரேயொரு பொருத்தை மட்டுமே.

‘மொக்கு’களின் பாடமா?

இவ்வளவும் செய்த பாடத்துக்கு எம் பாடசாலைகளில் கிடைத்த மதிப்பு என்ன? 1945இல் இலவசக் கல்வி வந்து, பெண்பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழகத்தின் கதவு அகலத் திறந்தபோது மருத்துவமும் பொறியியலும் வீட்டின் கனவுகளாயின. அது பெரும் பேறு. ஆனால் அதன் மறுபக்கத்தில் ஒரு தரவரிசை உருவானது. கெட்டிக்காரிகள் விஞ்ஞானத்துக்கு, மற்றவர்கள் மனையியலுக்கு. தையல் ‘மொக்கு’களின் பாடம் என்ற பேச்சை வகுப்பறையிலும் வீட்டிலும் நாம் கேட்டே வளர்ந்தோம். 1972இன் கல்விச் சீர்திருத்தம் தொழில் முன்னிலைப் பாடங்களைக் கொண்டுவந்து கைவேலைக்கு ஓர் இடம் கொடுக்க முனைந்தது. பெற்றோர் பலர் அதை நம்பவில்லை. பரீட்சையில் புள்ளி தராத அறிவு அறிவாகக் கணிக்கப்படவில்லை.

ஒரு யார் துணியைக் கையில் எடுத்து, அதில் வீண்போகாமல் வெட்டுவது கேத்திர கணிதம். எந்த இழை எந்தப் பக்கம் இழுபடும் என்று அறிவது பௌதிகம். இறப்பருக்கு எண்ணெய் ஏன் ஆகாது என்பது இரசாயனம். வளரும் பிள்ளைக்காக 2 அங்குலம் ஒதுக்கி வைப்பது பொருளியல். இவற்றையெல்லாம் ஒரே மேசையில் கற்பித்த ரீச்சர், ஆசிரியர் குழுப் படத்தின் ஓரத்தில் நின்றார். ஆண்பிள்ளைகளின் பாடசாலைகளில் இந்தப் பாடம் பெரும்பாலும் இருக்கவேயில்லை. தன் சட்டைக்குத் தெறி தைக்க இன்னொருவரை எதிர்பார்க்கும் ஆண், ஏதோ ஒரு வகையில் கல்வி குறைந்தவனே. அதை நாம் சொல்லவில்லை, சொல்லவும் பழக்கப்படவில்லை.

இன்று எம் பழைய மாணவியர் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சிட்னியிலும் வன்னியிலும் கொழும்பிலும் இருக்கிறார்கள். புதுப் பாவாடை ஒன்று துணியின் விலையை விடக் குறைவாகக் கடையில் தொங்கும் காலம் இது. காசுக் கணக்கில் வீட்டுத் தையல் இப்போது வெல்லாது. ஆனாலும் தன் கையால் தைத்து உடுத்திய பிள்ளை, பிறகு எந்த உடுப்பையும் புரட்டி அதன் உட்புறத் தையலைப் பார்ப்பாள். அதற்குப் பின்னால் ஒரு பெண் இருந்திருக்கிறாள் என்பதை அறிவாள். அந்த ஒரு பார்வைக்காகவேனும் இந்தப் பாவாடையைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். பேத்திக்கு மட்டுமல்ல, பேரனுக்கும்.

சங்கத்திடம் ஒரு வேண்டுகோளும் உண்டு. நூறாண்டில் எம் பாடசாலையில் தையல் கற்பித்தவர்களின் பெயர்ப்பட்டியல் ஒன்று எழுதப்பட வேண்டும். யார் எந்த ஆண்டுகளில் கற்பித்தார்கள், எந்த அறையில், எத்தனை மெசின்களோடு, முதலில் எதைத் தைக்கச் சொன்னார்கள் என்பவற்றை நினைவில் வைத்திருக்கும் மூத்த மாணவியர் இன்னும் எம்மோடு இருக்கிறார்கள். மாதிரிக் கொப்பி எவர் வீட்டிலேனும் இருந்தால், இடப்பெயர்வுகளைத் தாண்டித் தப்பிய அந்தத் தாள்களின் படத்தை எடுத்து அனுப்புங்கள். அடுத்த மலரில் தையல் அறைக்கு ஒரு பக்கம் அல்ல, பல பக்கங்கள் வேண்டியிருக்கும்.